பாலத்தின் மேல் ஒரு வித்துவான்

மேடையில் நின்று வாசிக்கும் ஒருவனுடைய குறையை அவையோர் அறியுமுன் அவனே அறிந்துவிடுகின்றான். கைதட்டல் ஓய்ந்தபின் வீடு திரும்பும் வழியிலே அக்குறை அவனுடன் கூடவே நடந்து வருகின்றது. அதனை மறைக்கப் பழகிக்கொள்வோர் பலர். ஊரார் அனைவரும் "இவரன்றோ வித்துவான்!" என்று போற்றிக்கொண்டிருக்கும் வேளையிலே, "எனக்கு இன்னும் போதாது" என்று தமக்குத் தாமே சொல்லி, மேடையை விட்டிறங்கிச் சாதகத்துக்குச் சென்றவர் மிகச் சிலரே. அத்தகைய ஒருவரின் கதையையும், அவர் திரும்பிவந்து வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் கதையையும், அவ்விசைத்தட்டை விமரிசகர்கள் எவ்வாறு வரவேற்றனர் என்பதையும் இன்று நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அவர் பெயர் சொனி றொலின்ஸ். அமெரிக்காவின் ஜாஸ் சங்கீதத்திலே சக்சபோன் என்னும் வாத்தியத்தை வாசித்துப் பெரும் புகழ் ஈட்டியவர். அவருடைய இசைத்தட்டின் பெயர் 'த பிறிட்ஜ்', அதாவது 'பாலம்'. அது 1962ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

ஜாஸ் சங்கீதத்துடன் பழக்கமில்லாத நேயர்களுக்காக முதலில் இரண்டொரு வார்த்தை கூறவேண்டும். இச்சங்கீதம் அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்தது. ஒரு பாட்டின் மெட்டை முதலில் வாசித்துக் காட்டுவர். பின்னர், அந்த மெட்டுக்கு ஆதாரமாயமைந்த சுரக்கூட்டுக்கள் வரிசை மாறாமல் மீண்டும் மீண்டும் சுழன்று வர, அவற்றின் மீது வித்துவான் அந்தக் கணத்திலேயே புதிது புதிதாகக் கற்பனை செய்து வாசிப்பார். நம் கச்சேரிகளிலே கற்பனைச் சுரம் பாடக் கேட்டவர்களுக்கு இதன் இன்பமும் இதன் அபாயமும் எளிதில் விளங்கும். எழுதி வைத்ததை வாசிப்பவருக்கு ஏடு துணை நிற்கும். கற்பனை செய்பவருக்கோ தம் பயிற்சியும் துணிவுமே துணை.

சக்சபோன் வாத்தியத்தை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டவரான அடோல்ஃப் சக்ஸ் என்பவர். 1846ஆம் ஆண்டிலே அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் உடல் பித்தளையாலானது. ஆயினும் வாயில் வைத்து ஊதும் முனையிலே நாணலாற் செய்த சீவாளி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அச்சீவாளியின் அதிர்வே நாதமாகின்றது. நாதசுரத்தின் சீவாளி இரட்டை. சக்சபோனுக்கு ஒற்றைச் சீவாளியே. இவ்வாத்தியத்திற் பல அளவுகள் உண்டு. றொலின்ஸ் புகழ்பெற்றது 'ரெனர்' என வழங்கும் நடுத்தரமான, ஆண் குரலை ஒத்த வாத்தியத்திலாகும்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

றொலின்ஸ் 1930ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆந் திகதி நியூயோர்க் நகரிலே பிறந்தார். அவருடைய பெற்றோர் கரிபியன் கடலிலுள்ள வேர்ஜின் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹார்லெம் பகுதியிலே அவர் வளர்ந்தார். கோல்மன் ஹோக்கின்ஸ் என்னும் மூத்த சக்சபோன் வித்துவானை அவர் தெய்வமாகக் கொண்டாடினார். இருபது வயதை எட்டுமுன்னரே பெரிய வித்துவான்களுடன் சேர்ந்து வாசிக்குந் தகுதி அவருக்கு வந்துவிட்டது.

ஆனால் அக்காலத்து ஜாஸ் உலகத்தைப் பிடித்திருந்த கொடிய நோய் ஒன்று அவரையும் பிடித்துக்கொண்டது. ஹெரோயின் என்னும் போதைமருந்தே அது. 1950ஆம் ஆண்டிலே கொள்ளைக் குற்றத்துக்காகப் பிடிபட்டுச் சிறை சென்றார். வெளிவந்தபின் மீண்டும் சிறை புகுந்தார். வாத்தியத்தை அடகு வைக்கும் நிலையிலுள்ள மனிதனை நண்பர்களும் கண்டால் விலகிச் செல்வது உலக வழக்கு. 1955ஆம் ஆண்டு கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரிலிருந்த அரசாங்க வைத்தியசாலைக்குத் தாமாகவே சென்று சிகிச்சை பெற்றார். குணமடைந்து வந்தபின் உடனே மேடைக்கு ஓடவில்லை. சிக்காகோ நகரிலே கூலிவேலை செய்து தம் மனத்தின் உறுதியைச் சோதித்துக்கொண்டார். பழைய நண்பர்கள் கூடும் இசைவிடுதிகளிலே பழைய ஆசையும் காத்திருக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

அவ்வாண்டின் இறுதியிலே மீண்டும் வாத்தியத்தைக் கையில் எடுத்தார். அதன்பின் வந்த மூன்றாண்டுகளும் அவருக்குப் பொற்காலம் எனலாம். 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே பதிவாகிய 'சக்சபோன் கொலோசஸ்' என்னும் இசைத்தட்டு அவரை முன்வரிசையில் நிறுத்தியது. தாயாரின் தீவுகளிலே வழங்கிய மெட்டொன்றைத் தழுவிய 'சென்ற் தோமஸ்' என்னும் உருப்படி அதிலேதான் இருக்கின்றது. 1958ஆம் ஆண்டிலே 'ஃப்றீடம் சூட்' என்னும் நீண்ட உருப்படியை வெளியிட்டு, தம் இனத்து மக்களுக்கு மறுக்கப்பட்ட சுதந்திரத்தை நினைவூட்டினார்.

அதே ஆண்டிலே கண்தர் ஷுல்லர் என்னும் இசையறிஞர், 'த ஜாஸ் றிவியூ' என்னும் சஞ்சிகையிலே றொலின்ஸைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். றொலின்ஸ் கற்பனை செய்யும்போது மூலக் கருவொன்றை எடுத்து, அதனையே விரித்தும் சுருக்கியும் திருப்பியும் ஒரு கட்டடம் போல அமைக்கின்றார் என்று சுரஞ்சுரமாகப் பிரித்துக் காட்டினார். இத்தகைய பாராட்டு ஒரு ஜாஸ் வித்துவானுக்குக் கிடைப்பது அந்நாளில் எளிதன்று. ஆனால் அக்கட்டுரை றொலின்ஸுக்கு மகிழ்ச்சியளிக்கவில்லை. தாம் நினையாமற் செய்தவற்றை யெல்லாம் நினைத்துச் செய்ததாகப் படித்தபோது அவருடைய கைகள் தயங்கின. நடந்து செல்பவனை நிறுத்தி, எந்தக் காலை முன் வைக்கின்றாய் என்று கேட்டால் அவன் இடறுவான் அல்லவா? இனித் தம்மைப் பற்றி எழுதப்படுவதைப் படிப்பதில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார்.

மேடையை விட்டிறங்கியமை

1959ஆம் ஆண்டு கோடை காலத்திலே றொலின்ஸ் திடீரென்று மேடையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. கச்சேரிகளுக்குக் குறைவில்லை, இசைத்தட்டுக் கம்பனிகளும் கைவிடவில்லை. தம் பெயர் தம் திறமையை முந்திக்கொண்டு ஓடுகின்றது என்பதே அவர் கண்ட காரணம். தம்மைக் கேட்க வரும் மக்கள் எதிர்பார்ப்பதை அவர்களுக்குத் தம்மால் எப்போதும் கொடுக்க முடியவில்லை என்று அவர் வருந்தினார். உடலைப் பேணவும், சங்கீத இலக்கணத்தை இன்னும் ஆழமாகக் கற்கவும் விரும்பினார்.

சாதகம் செய்வதற்கு இடம் வேண்டும். நியூயோர்க் நகரின் கீழ்க் கிழக்குப் பகுதியிலே, கிறாண்ட் வீதியிலுள்ள மாடிக் குடியிருப்பொன்றிலே அவர் வாழ்ந்தார். சுவருக்கு அப்பால் அயல்வீடு. அங்கே கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இருந்தாள். சக்சபோன் அடக்கமாக வாசிக்கத் தக்க வாத்தியமன்று. அந்தப் பெண்ணுக்கும் பிறக்கப் போகும் குழந்தைக்கும் தம் வாத்தியத்தால் இடையூறு நேருமே என்று அவர் கலங்கினார். பெரிய கலைஞர்களிற் சிலர், கலைக்காக அயலவர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று வாதிப்பர். றொலின்ஸோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

ஒரு நாள் டிலான்சி வீதியிலே நடந்து செல்கையில், பாலமொன்றின் மேல் ஏறிச் செல்லும் படிகள் அவர் கண்ணிற் பட்டன. ஏறிப் பார்த்தார். அதுவே வில்லியம்ஸ்பேர்க் பாலம்.

ஈஸ்ற் ஆற்றைக் கடந்து மன்ஹற்றன் தீவையும் புறூக்லின் பகுதியையும் இணைக்கும் இப்பாலம் 1903ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே திறக்கப்பட்டது. இதன் நடுவளைவு 1600 அடி நீளமுடையது. திறக்கப்பட்ட காலந்தொட்டு இருபதாண்டுகளுக்கு மேலாக உலகத்துத் தொங்குபாலங்களுள் இதுவே மிக நீளமானதாக இருந்தது. நடுவிலே மின்சாரப் புகையிரதங்கள் ஓடும். இரு மருங்கிலும் மோட்டார் வண்டிகள் ஓடும். கீழே ஆற்றிலே படகுகள் ஊதிக்கொண்டு செல்லும். இத்தனை இரைச்சலுக்கு மேலாக, கால்நடையாகச் செல்வோருக்கென ஒரு பாதை. அங்கே முழு மூச்சுடன் வாசித்தாலும் முறையிட எவருமில்லை.

இரண்டாண்டுகளுக்கு மேலாக இப்பாலமே அவருக்குக் குருகுலமாயிற்று. பகலென்றும் இரவென்றும் பாராமல் வாசித்தார். சில நாட்களிலே பதினைந்து மணித்தியாலம் வரையிலும் சாதகம் நீடித்ததாக அவரே பின்னாளிற் கூறியிருக்கின்றார். நியூயோர்க்கின் கடுங்குளிர் காலத்திலும் அவர் அங்கே சென்றார். படகுகளின் ஊதலுக்கு வாத்தியத்தால் மறுமொழி சொன்னார். இரைச்சலை எதிர்த்து வாசித்து வாசித்து அவருடைய மூச்சு வலுவடைந்தது. ஸ்ரீவ் லேசி என்னும் சக்சபோன் வித்துவான் சில வேளைகளிலே அவருடன் வந்து சேர்ந்துகொள்வார். மற்றப்படி வேலைக்குச் செல்வோரும் திரும்புவோருமே அவருடைய அவையோர். அவர்களிற் பெரும்பாலோர் இவர் யாரென்றே அறியார். அறிய விரும்பி நின்றவரும் சிலரே.

அந்நாட்களிலே வருமானம் ஏது என்று நம் இல்லத்தரசிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பின்னாளிலே அவருடைய மனைவியாகிய லூசில் உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தைத் தாங்கினார். சாதகத்தின் பெருமையைப் பேசும்போது, அச்சாதகத்துக்கு அடுப்பெரித்தவரையும் மறவாதிருப்பது முறையாகும்.

1961ஆம் ஆண்டிலே 'மெற்றோனோம்' என்னும் சஞ்சிகையில் வெளிவந்த ஒரு கட்டுரையினால், பாலத்தின் மேல் வாசிக்கும் மனிதரின் இரகசியம் வெளியாகியது. கட்டுரையாளர் பெயரையும் பாலத்தையும் மாற்றியே எழுதியிருந்தார். ஆயினும் ஜாஸ் உலகம் புரிந்துகொண்டது. பழங்கதை போன்ற இச்செய்தி வாய்க்கு வாய் பரவிற்று. றொலின்ஸ் ஏதோ ஒரு புதிய சங்கீதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கின்றார் என்று எல்லோரும் நம்பத் தொடங்கினர். அவர் அவ்வாறு சொன்னதில்லை.

இசைத்தட்டு

அவ்வாண்டு நவம்பர் மாதத்திலே றொலின்ஸ் மீண்டும் மேடையேறினார். ஆர்.சீ.ஏ. விக்ரர் என்னும் பெரிய இசைத்தட்டுக் கம்பனி அவருடன் ஒப்பந்தஞ் செய்தது. 1962ஆம் ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களிலே நியூயோர்க்கிலுள்ள அக்கம்பனியின் ஒலிப்பதிவு நிலையத்தில் 'பாலம்' பதிவாகியது.

இதிலே பியானோ இல்லை. அதனிடத்திலே ஜிம் ஹோல் என்பவரின் கித்தார் அமைந்தது. பொப் கிறான்ஷோ பெரிய தந்தி வாத்தியமாகிய 'பேஸ்' வாசித்தார். பென் றைலி முழவங்களை வாசித்தார்; ஓர் உருப்படிக்கு மட்டும் வேறொருவர் முழவம் வாசித்தார். ஜிம் ஹோல் வெள்ளையர். இனப்பாகுபாட்டுக்கு எதிரான போராட்டம் உச்சமடைந்துகொண்டிருந்த காலமது. 'ஃப்றீடம் சூட்' செய்தவர் வெள்ளையர் ஒருவரைத் தம் குழுவிற் சேர்க்கலாமா என்று அவர் இனத்தவரே சிலர் குறைகூறினர். றொலின்ஸ் தமக்கு வேண்டிய நாதத்தையே நாடினார். தேர்ந்தெடுத்தவரை மாற்றவில்லை.

இசைத்தட்டிலே ஆறு உருப்படிகள். நான்கு, பலரும் அறிந்த பழைய பாட்டுக்கள். 'ஜோன் எஸ்.' என்பதும் 'பாலம்' என்பதும் றொலின்ஸ் தாமே இயற்றியவை. முதல் உருப்படியாகிய 'விதவுற் எ ஸோங்' என்பதன் தலைப்பைத் தமிழிலே 'பாட்டில்லையேல்' என்று சொல்லலாம். அதனை அவர் அவசரமின்றி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி உச்சரிப்பவர் போல வாசிக்கின்றார். பில்லி ஹொலிடே என்னும் பாடகியின் பெயரோடு பிரியாத 'கோட் பிளெஸ் த சைல்ட்' என்ற பாட்டிலே சோகம் கனத்துத் தங்கி நிற்கின்றது. 'பாலம்' என்னும் உருப்படியோ விரைந்து பாய்கின்றது, திடீரென்று நடை மாறுகின்றது, மீண்டும் பாய்கின்றது. புகையிரதம் ஒன்று தலைக்கருகே ஓடி மறைவது போன்ற உணர்ச்சி நமக்கு ஏற்படுகின்றது. கித்தாரின் மெல்லிய நாதம் சக்சபோனின் கனத்த நாதத்துக்கு இடம்விட்டு ஒதுங்கியும், வேண்டிய இடத்திலே கைகொடுத்தும் வருவது கேட்கக் கேட்க இனிமை தருவதாகும்.

விமரிசகரின் தீர்ப்பு

இத்தகைய இசைத்தட்டை விமரிசகர்கள் ஒரே குரலிற் போற்றியிருப்பர் என்று நேயர்கள் எண்ணலாம். அவ்வாறு நடக்கவில்லை. அவருடைய நாதத்தின் வலிமையையும் கட்டுப்பாட்டையும் பாராட்டியோர் இருந்தனர். ஆனால் ஏமாற்றமடைந்தோரும் பலர்.

அவர்களுடைய ஏமாற்றத்துக்குக் காரணம் உண்டு. றொலின்ஸ் பாலத்தின் மேல் நின்ற காலத்திலே கீழே ஜாஸ் உலகம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. 1959ஆம் ஆண்டு நவம்பரிலே ஓர்னெற் கோல்மன் என்பவர் நியூயோர்க்குக்கு வந்து, சுரக்கூட்டுக்களின் வரிசையையே கைவிட்டு வாசித்துப் பெரும் வாதத்தைக் கிளப்பினார். றொலின்ஸின் நண்பரும் அவருக்கு நிகராகப் பேசப்பட்டவருமாகிய ஜோன் கோல்றேன், புதிய பாதைகளிலே வேகமாகச் சென்றுகொண்டிருந்தார். ஆகவே, இரண்டாண்டு தவமிருந்த றொலின்ஸ் இவர்கள் இருவரையும் விஞ்சும் புதுமையொன்றைக் கொண்டு இறங்குவார் என்று எதிர்பார்த்தனர். அவரோ பழைய பாட்டுக்களைப் பழைய முறையை ஒட்டியே, முன்னிலும் செம்மையாக வாசித்துக் காட்டினார். "இதற்காகவா இத்தனை நாள் மறைந்திருந்தார்?" என்பதே பலருடைய கேள்வியின் சாரம்.

இக்கேள்வி நீதியானதா? நம் எண்ணத்திலே அதிற் பாதி நீதி உண்டு, பாதி இல்லை. ஒருவர் தராத வாக்குறுதியை அவர்மேற் சுமத்திவிட்டு, அதனை நிறைவேற்றவில்லை என்று குறைகூறுவது நீதியன்று. றொலின்ஸ் புதுமை தேடிப் பாலத்துக்குச் செல்லவில்லை. தம் குறையைத் தேடிச் சென்றார். குறை நீங்கியவனுடைய வாசிப்பிலே வெளிப்பார்வைக்குப் பெரிய மாற்றந் தெரியாதிருக்கலாம். உள்ளே நின்ற நடுக்கம் போய்விட்டது என்பது, பலமுறை நிதானமாகக் கேட்பவர்க்கே புலப்படும். வாரந்தோறும் புதிய தட்டுக்களுக்குத் தீர்ப்பெழுதும் விமரிசகர்க்கு அத்தகைய ஓய்வு கிடைப்பதில்லை.

மறுபாதியையும் சொல்லவேண்டும். புதுமையை நாடிய அந்தத் தாகம் விமரிசகருக்கு மட்டும் உரியதன்று. றொலின்ஸுக்கும் அது இருந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே, ஓர்னெற் கோல்மனுடன் வாசித்த டொன் செறி, பில்லி ஹிக்கின்ஸ் ஆகிய இருவரையும் தம்முடன் சேர்த்துக்கொண்டு, கட்டுப்பாடுகளைத் தளர்த்திய புதிய முறையிலே வாசித்தார். 'அவர் மான் இன் ஜாஸ்' என்னும் தட்டு அதன் பயன். ஆகவே, 'பாலம்' அவருக்குக் கரை சேர்ந்த இடமன்று. ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குச் செல்லும் வழியே அது.

காலத்தின் தீர்ப்பு

ஆண்டுகள் செல்லச் செல்ல 'பாலம்' இசைத்தட்டின் மதிப்பு உயர்ந்தது. எதிர்பார்ப்பு என்னும் புழுதி அடங்கியபின், அதிலுள்ள சங்கீதம் தெளிவாகக் கேட்டது. றொலின்ஸ், ஹோல் ஆகிய இருவரின் உரையாடல் கித்தார் பயிலும் மாணவர்க்குப் பாடமாயிற்று. 2015ஆம் ஆண்டிலே கிறாமி விருது நிறுவனம் இவ்விசைத்தட்டைத் தனது புகழ்மண்டபத்திற் சேர்த்துக்கொண்டது. பாலத்துக்கே றொலின்ஸின் பெயரைச் சூட்டவேண்டும் என்று நியூயோர்க்கிலே சிலர் முயற்சியும் மேற்கொண்டனர்.

றொலின்ஸோ அதன் பின்னரும் தம்மைத் தாமே திருப்திப்படுத்தவில்லை. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே இந்தியாவுக்குச் சென்று, பம்பாய் நகருக்கு அண்மையிலுள்ள பவாய் என்னுமிடத்து ஆசிரமத்திலே தங்கி யோகமும் வேதாந்தமும் பயின்றார். கண்ணை மூடி அமர்ந்து தியானஞ் செய்வது அவருக்கு எளிதாக வரவில்லை. வாத்தியத்தை வாசிப்பதே உமக்குத் தியானம் என்னும் கருத்தை அங்கே பெற்றுக்கொண்டதாக அவர் கூறியதுண்டு. தாம் பதிவுசெய்த தட்டுக்களைத் தாமே கேட்பது அவருக்கு வேதனை தந்தது. குறைகளே முதலிற் காதில் விழும் என்பார்.

'பாட்டில்லையேல்' என்னும் அந்த முதல் உருப்படிக்கு இன்னொரு வாழ்வும் வாய்த்தது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கின் உலக வர்த்தக நிலையக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, றொலின்ஸின் வீடு அவற்றுக்கு மிக அருகிலே, உயர்ந்த மாடியொன்றில் இருந்தது. எழுபத்தொரு வயதான அவர், சக்சபோனைக் கையிலேந்தியபடி மாடிப்படிகளில் இறங்கி வெளியேற்றப்பட்டார். நான்கு நாட் கழித்துப் பொஸ்ரன் நகரிலே ஒரு கச்சேரி ஏற்பாடாகியிருந்தது. அதனை நிறுத்திவிட அவர் எண்ணினார். லூசிலே அவரைத் தூண்டி வாசிக்கச் செய்தார். அன்று அவர் வாசித்தவற்றுள் அப்பாட்டும் ஒன்று. அக்கச்சேரி 2005ஆம் ஆண்டிலே அப்பாட்டின் பெயராலேயே இசைத்தட்டாக வெளிவந்தது. அதைக் காண லூசில் இருக்கவில்லை; முந்திய ஆண்டு காலமாகிவிட்டார்.

2012ஆம் ஆண்டுக்குப் பின் றொலின்ஸ் மேடையில் வாசிக்கவில்லை. மூச்சையே மூலதனமாகக் கொண்ட அவரை நுரையீரல் நோய் வாத்தியத்திலிருந்து பிரித்துவிட்டது. அவருடைய குறிப்பேடுகளும் ஒலிப்பதிவுகளும் 2017ஆம் ஆண்டிலே, அவர் பிறந்து வளர்ந்த ஹார்லெமில் உள்ள ஷொம்பேர்க் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்று சேர்ந்தன. சாதக முறைகளைத் தமக்குத் தாமே எழுதி வைத்த பக்கங்களும் அவற்றுள் உண்டு.

பரீட்சையிலே முதல்வனாக வந்த மாணவனுக்கும், ஊரார் மெச்சும் பாடகிக்கும், நல்ல பெயரெடுத்த எழுத்தாளனுக்கும் ஒரு நாள் வரும். வெளியே கேட்கும் பாராட்டும் உள்ளே கேட்கும் குரலும் ஒன்றுக்கொன்று முரண்படும் நாள் அது. அன்று எந்தக் குரலுக்குச் செவிசாய்ப்பது என்பதை அவரவரே தீர்மானிக்கவேண்டும். உள்ளே கேட்கும் குரலைப் பின்பற்றிச் சென்றவர்க்கு உலகம் உடனே பரிசளித்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். றொலின்ஸ் திரும்பி வந்தபோது அவரைப் பலர் சந்தேகக் கண்ணோடேயே பார்த்தனர். அவர் அதற்காக மீண்டும் வாத்தியத்தைக் கீழே வைக்கவுமில்லை, தீர்ப்பெழுதியவரோடு வாதாடவுமில்லை. அடுத்த நாளும் சாதகத்துக்கு எழுந்தார்.

வாய்ப்புள்ள நேயர்கள் அவ்விசைத்தட்டை ஒருமுறை கேட்டுப் பார்க்கவேண்டும். முதன்முறை கேட்கும்போது அது அந்நியமாகவே தோன்றலாம். அடுத்த முறை, வீட்டிலே எல்லோரும் உறங்கிய பின்னர் கேளுங்கள். அயல்வீட்டுக் குழந்தை விழித்துவிடாதபடி, மெல்ல.